இதயத்துக்குள் ஒரு ரிங் ரோடு: ஆபரேஷன் முடிந்து பல வருஷம் கழித்து வரும் படபடப்பு

2004-ம் ஆண்டு செப்டம்பர் 30-ம் தேதி மாலை. பிரிட்டன் பிரதமர் டோனி பிளேர், மறுநாள் தனக்கு இதயத்தில் ஒரு சிகிச்சை நடக்கப்போவதாக அறிவித்தார். அக்டோபர் 1 அன்று லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் அது நடந்தது. அன்றே வீடு திரும்பிவிட்டார். அப்போது அவருக்கு வயது 51. முந்தைய வருஷம் அக்டோபரிலும் இதே மருத்துவமனையில், தாறுமாறாக ஓடிய இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுத்து வழிக்குக் கொண்டுவந்திருந்தார்கள். இரண்டாவது முறை அவருக்கு இருந்ததாகச் சொல்லப்பட்ட பிரச்னையின் பெயர் ‘ஏட்ரியல் ஃப்ளட்டர்’. செய்யப்பட்ட சிகிச்சை, கத்தீட்டர் அப்லேஷன்.

ஃப்ளட்டர் என்றால் சிறகடிப்பது. கூண்டுக்குள் மாட்டிக்கொண்ட குருவி மாதிரி நெஞ்சுக்குள் ஏதோ அடித்துக்கொள்கிறது என்று நோயாளிகள் சொல்வதற்குப் பொருத்தமான பெயர்தான். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, எல்லா மருத்துவர்களுக்கும் முகவரி தெரிந்த வகை. இன்னொன்று, முகவரியே இல்லாத வகை. அதை ‘ஏடிபிக்கல் ஃப்ளட்டர்’ என்கிறார்கள். வழக்கத்துக்கு மாறான ஃப்ளட்டர். இந்த வாரம் நாம் பார்க்கப்போவது இந்த இரண்டாவது ஆசாமியைத்தான். சின்ன வயதில் இதயத்தில் ஓட்டை அடைத்தவர்கள், வால்வு மாற்றியவர்கள் வீட்டில் யாராவது இருந்தால், அவர்களுக்கும் இந்தக் கட்டுரையைப் படிக்கக் கொடுங்கள்.

டவுன் பஸ் எப்படி ரிங் ரோட்டில் மாட்டுகிறது?

இதயத்தின் வலது மேல் அறையின் உச்சியில் ‘சைனஸ் நோட்’ என்று ஒரு சின்னத் திசு இருக்கிறது. அங்கிருந்துதான் ஒவ்வொரு துடிப்புக்குமான மின் சிக்னல் கிளம்புகிறது. ஓய்வில் இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை. சிக்னல் மேல் அறைகள் முழுவதும் பரவி, நடுவில் இருக்கும் ‘ஏவி நோட்’ என்ற செக்போஸ்ட்டில் ஒரு நொடிக்கும் குறைவாக நின்று, பிறகு கீழ் அறைகளுக்கு இறங்குகிறது. அங்கே அதன் பயணம் முடிந்தது. அடுத்த துடிப்புக்கு அடுத்த பஸ்.

ஃப்ளட்டரில் நடப்பது வேறு. கிளம்பிய பஸ் டெர்மினஸுக்குப் போகாமல் ரிங் ரோட்டில் ஏறிவிடுகிறது. இறங்க வழி தெரியாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நிமிடத்துக்கு ஏறக்குறைய 300 சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் மேல் அறை ஒரு முறை துடிக்கிறது. நல்லவேளையாக ஏவி நோட் அத்தனையையும் கீழே விடுவதில்லை. பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத்தான் விடும். அதனால்தான் கையில் நாடி பிடித்தால் 150 என்று ஒரே எண்ணில் நிற்கிறது. சட்டென்று ஆரம்பித்து, உட்கார்ந்தாலும் படுத்தாலும் அசையாமல் 150. மாடி ஏறினால் வரும் படபடப்பு மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். இது அப்படி இல்லை, ஸ்விட்ச் போட்ட மாதிரி வரும்.

வழக்கமான வகையில் அந்த ரிங் ரோடு வலது மேல் அறையில், ட்ரைகஸ்பிட் வால்வைச் சுற்றி ஓடும். வால்வுக்கும், உடம்பின் கீழ்ப்பகுதியிலிருந்து ரத்தம் கொண்டுவரும் பெரிய சிரைக்கும் நடுவே ஒரு குறுகலான பாலம் இருக்கிறது. பஸ் அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும். பாலத்தில் குறுக்கே ஒரு கோடு சுட்டால் ரூட் காலி. இந்த வகைக்கு அப்லேஷன் வெற்றி 90 சதவிகிதத்துக்கும் மேல்.

ஏடிபிக்கல் ஃப்ளட்டரில் பாலம் எங்கே இருக்கிறது என்பதே கேள்வி. இடது மேல் அறையில் மைட்ரல் வால்வைச் சுற்றி இருக்கலாம். அந்த அறையின் கூரைப் பகுதியில் இருக்கலாம். பெரும்பாலும் ஏதோ ஒரு தழும்பைச் சுற்றி இருக்கும்.

தழும்பு எங்கிருந்து வந்தது?

இதயச் சுவரில் இருக்கும் ஓட்டையை அடைக்க, அறுவை சிகிச்சை நிபுணர் பல நேரங்களில் வலது மேல் அறையைக் கீறித் திறக்கிறார். வேலை முடிந்ததும் தைக்கிறார். தையல் ஆறி, தழும்பாகிறது. தழும்புக்கு மின்சாரம் கடத்தத் தெரியாது. சிக்னல் அதைச் சுற்றித்தான் போக வேண்டும். ஒரு தழும்பு, பக்கத்தில் ஒரு வால்வு, இரண்டுக்கும் நடுவில் மெதுவாக மின்சாரம் ஊர்ந்து போகும் ஒரு சந்து. ரிங் ரோடு தயார். ஆனால், அதில் பஸ் ஏறுவதற்குப் பல வருஷங்கள் ஆகலாம். பத்து, இருபது வருஷம்கூட ஆகும். “அதான் அப்பவே ஆபரேஷன் பண்ணிச் சரியாயிடுச்சே” என்று குடும்பமே மறந்துபோன பிறகு.

இரண்டாவது காரணம் கொஞ்சம் வினோதமானது. ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ என்ற இன்னொரு துடிப்புக் கோளாறுக்கும் அப்லேஷன்தான் செய்கிறார்கள். 1998-ல் பிரான்ஸின் போர்டோ நகர மருத்துவர் மிஷேல் ஹைசகேரின் குழு, நுரையீரலிலிருந்து வரும் சிரைகளின் வாய்ப்பகுதியிலிருந்துதான் அந்தக் கோளாறைத் தூண்டும் பொறிகள் கிளம்புகின்றன என்று காட்டியது. அதன் பிறகு உலகம் முழுக்க அந்த இடங்களைச் சுட்டு வேலி போடுகிறார்கள். வேலியில் சின்ன இடைவெளி விட்டுப்போனால், அந்த வேலியையே ரிங் ரோடாக்கி ஃப்ளட்டர் ஓடும். ஒரு நோய்க்குப் போட்ட தழும்பு, இன்னொரு நோய்க்குப் பாதை.

மூன்றாவது, நம் ஊரில் இன்னமும் விட்டுப்போகாத ருமாட்டிக் இதய நோய். சிறுவயதில் வந்த தொண்டை அழற்சியைச் சரியாகக் கவனிக்காமல் விட்டு, அதைத் தொடர்ந்து மூட்டு வீக்கத்தோடு காய்ச்சல் வந்து, கடைசியில் மைட்ரல் வால்வு சுருங்கிப்போகிற நோய். வால்வு சுருங்கினால் இடது மேல் அறை வீங்கி, அதன் சுவர் கொஞ்சம் கொஞ்சமாக நார்ப்பிடிக்கிறது. கத்தியே படாமல் தழும்பு. நீண்ட கால ரத்த அழுத்தமும் இதே வேலையைச் செய்யும்.

ஜெல்லி மீனும் ஒரு இளம் விஞ்ஞானியும்

மின்சாரம் வட்டமடிக்கும் என்பது எப்படித் தெரிந்தது? இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் ஆல்ஃபிரெட் மேயர் என்ற அமெரிக்க ஆய்வாளர், ஜெல்லி மீனின் உடலிலிருந்து வளையம் போல வெட்டியெடுத்து, அதில் ஒரு பக்கமாக ஒரு துடிப்பைக் கிளப்பிவிட்டார். அது நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. ஆங்கிலேய விஞ்ஞானி ஜார்ஜ் மைன்ஸ் அதை இதயத் தசையில் செய்து பார்த்தார். ஆமையின் இதயத்திலிருந்து எடுத்த வளையத்திலும் அலை சுற்றியது. இது நிஜமாகவே வட்டப் பாதைதானா என்று சோதிக்க அவர் சொன்ன வழி ரொம்ப எளிமையானது: வளையத்தை ஒரே ஒரு இடத்தில் வெட்டிப் பாருங்கள், நின்றால் வட்டம்.

1914 நவம்பரில், கனடாவின் மான்ட்ரியலில், தன் ஆய்வுக்கூடத்தில் மைன்ஸ் நினைவிழந்து கிடந்தார். உடம்பில் கருவிகள் இணைக்கப்பட்டிருந்தன. நினைவு திரும்பாமலே இறந்தார். தன் மீதே சோதனை செய்துகொண்டிருந்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் காரணம். வயது 28. இன்று அப்லேஷன் அறையில் நடப்பது அவர் சொன்ன அதே வெட்டுதான். கத்திக்குப் பதில் வெப்பம்.

இசிஜி ஏமாற்றும் இடம்

வழக்கமான ஃப்ளட்டரை இசிஜி பேப்பரில் பார்த்தால் ரம்பத்தின் பற்கள் போல வரிசையாக இருக்கும். மருத்துவ மாணவர்கூடக் கண்டுபிடித்துவிடுவார். ஏடிபிக்கல் வகையில் மேல் அறைச் சுவரின் பெரும்பகுதி தழும்பாகிப் போயிருப்பதால் அலைகள் குட்டையாக இருக்கும். அலைக்கும் அலைக்கும் நடுவில் கோடு தட்டையாகக் கிடக்கும். சில அலைகள் கீழ் அறையின் பெரிய அலைகளுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். மெஷின் தானாக அச்சடிக்கும் வரியில் ‘சைனஸ் டாக்கிகார்டியா’, அதாவது சாதாரண வேகத் துடிப்பு, என்று வந்துவிடுவதுண்டு. மெஷின் சொன்னதை அப்படியே நம்பினால் கதை திசைமாறும்.

இப்படி ஒரு நிலைமையை வைத்துக்கொள்வோம். 38 வயதுப் பெண். 10 வயதில் இதயத்தில் ஓட்டை அடைத்தார்கள். இப்போது கொஞ்ச நாளாகப் படபடப்பு, மாடி ஏறினால் மூச்சு வாங்கல். வீட்டில் “டென்ஷன் ஆகாத” என்பார்கள். அப்புறம் வாய்வு, அப்புறம் ரத்தசோகை, அப்புறம் தைராய்டு. இவையெல்லாம் நிஜமாகவே படபடப்பு தரக்கூடியவைதான், சோதித்தும் பார்க்க வேண்டும். ஆனால், நெஞ்சில் பழைய ஆபரேஷன் தழும்பு இருக்கும் ஒருவருக்குப் புதிதாகப் படபடப்பு வந்தால், மனப்பதற்றம் என்பது கடைசியாக வர வேண்டிய முடிவு. குறிப்பாகப் பெண்களுக்கு அது முதல் முடிவாகிவிடுகிறது என்பதுதான் சிக்கல்.

சந்தேகம் வந்தால் மருத்துவர்களிடம் ஒரு தந்திரம் இருக்கிறது. ‘அடினோசின்’ என்ற ஊசியை, இசிஜி ஓடிக்கொண்டிருக்கும்போதே சிரையில் வேகமாகச் செலுத்துவார்கள். சில நொடிகள் செக்போஸ்ட் மூடிக்கொள்ளும். கீழ் அறை அமைதியாகிவிடும். அந்த இடைவெளியில், அதுவரை ஒளிந்திருந்த மேல் அறை அலைகள் பளிச்சென்று தெரியும். அந்தச் சில நொடிகள் நோயாளிக்கு உயிரே போவது போல இருக்கும். முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்வது நல்லது. விட்டுவிட்டு வரும் படபடப்பு என்றால், ஒரு நாள் அல்லது அதற்கு மேலும் உடம்பில் மாட்டிக்கொள்ளும் ஹோல்டர் கருவி. கூடவே எக்கோ.

ஸ்மார்ட் வாட்ச் உதவுமா? பாதி உதவும். அதில் இருக்கும் எச்சரிக்கை வசதி, துடிப்பு ஒழுங்கில்லாமல் போவதைத் தேடுகிறது. ஃப்ளட்டர் பல நேரங்களில் கடிகாரம் மாதிரி ஒழுங்காக ஓடுவதால் தப்பிவிடும். ஆனால், சும்மா உட்கார்ந்திருந்த இரண்டு மணி நேரமும் 140, 150 என்று கோடு போட்ட மாதிரி கிராஃப் காட்டினால் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து மருத்துவரிடம் காட்டலாம். இன்னொன்று, தழும்பைச் சுற்றும் பஸ் மெதுவாகவும் ஓடலாம். சில மாத்திரைகள் அதை இன்னும் மெதுவாக்கும். அப்போது நாடி 110, 120 என்றுகூட நிற்கும். நாலு சுற்றுக்கு ஒன்று இறங்கினால் 75-தான் இருக்கும். நோயாளிக்கு ஒன்றுமே தெரியாது.

தெரியாமல் இருந்தால் என்ன நஷ்டம்?

மேல் அறை சரியாகச் சுருங்காமல் அதிர்ந்துகொண்டே இருந்தால், இடது மேல் அறையின் மூலையில் இருக்கும் சின்னப் பை போன்ற பகுதியில் ரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம். இரண்டாவது, வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வேகமாக ஓடும் இதயம் களைத்துப்போய், பம்ப் செய்யும் சக்தியை இழக்கும். எக்கோவில் ‘இதயம் வீக்’ என்று வரும். துடிப்பைச் சரிசெய்தால் இந்த பலவீனம் பெரும்பாலும் மீண்டுவிடும் என்பது ஆறுதல். பக்கவாதத்தை அப்படி மீட்க முடியாது.

ஆகவே முதலில் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து. இங்கே ஒரு விஷயம் முக்கியம். அபிக்ஸபான், ரிவரோக்ஸபான் போன்ற புதிய மாத்திரைகள் பலருக்கு வசதி. ஆனால், ருமாட்டிக் நோயால் மைட்ரல் வால்வு நன்றாகச் சுருங்கியவர்களுக்கும், உலோக வால்வு பொருத்தியவர்களுக்கும் பழைய வார்ஃபரின், அசிட்ரோம் வகைதான். 2022-ல் வெளியான ‘இன்விக்டஸ்’ ஆய்வில், ருமாட்டிக் இதய நோயோடு ஃபிப்ரிலேஷனும் இருந்த சுமார் 4,500 பேரை 24 நாடுகளில் சேர்த்துப் பார்த்தார்கள். டெல்லி எய்ம்ஸின் கணேசன் கார்த்திகேயன் இதில் முக்கியப் பங்கு வகித்தார். ரிவரோக்ஸபானைவிடப் பழைய மாத்திரையே மேல் என்று முடிவு வந்தது. “பக்கத்து வீட்டுக்காரர் டெஸ்ட்டே இல்லாத மாத்திரை சாப்பிடுறார்” என்று மாற்றிக்கொள்ளக் கூடாது. அசிட்ரோம் சாப்பிடுகிறவர்கள் கீரையை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் சுத்தமாக இல்லை என்று இல்லாமல், ஒரே அளவில் சாப்பிட்டால் ரத்தப் பரிசோதனை எண் நிலையாக இருக்கும்.

அடுத்து, வேகத்தைக் குறைக்கும் மாத்திரைகள். ஃப்ளட்டர் இவற்றுக்கு அவ்வளவாக அடங்குவதில்லை. மயக்கம் கொடுத்து மின் அதிர்ச்சி தந்தால் உடனே அடங்கும், ஆனால் ரிங் ரோடு அப்படியே இருப்பதால் திரும்ப வரலாம். அதிர்ச்சிக்கு முன் குறைந்தது 3 வாரம் உறைவுத் தடுப்பு மருந்து, அல்லது உணவுக்குழாய் வழியாகச் செய்யும் எக்கோவில் கட்டி இல்லை என்று உறுதி. அமியோடரோன் மாத்திரை நன்றாகக் கட்டுப்படுத்தும், ஆனால் தைராய்டையும் கல்லீரலையும் நுரையீரலையும் தொந்தரவு செய்யக்கூடியது என்பதால் இளம் வயதுக்காரருக்கு வருஷக்கணக்கில் தர மருத்துவர்கள் யோசிப்பார்கள். அப்போதுதான் அப்லேஷன் பேச்சு வரும்.

கேத் லேபில் நடப்பது

நெஞ்சைத் திறப்பதில்லை. தொடை இடுக்கில் உள்ள சிரையில் ஊசித்துளை போட்டு, மெல்லிய குழாய்களை இதயம் வரை கொண்டுபோகிறார்கள். இடது மேல் அறைக்குப் போக வேண்டியிருந்தால், இரண்டு மேல் அறைகளுக்கும் நடுவில் உள்ள சுவரை ஊசியால் துளைத்துப் போவார்கள். (ஓட்டையை அடைத்தவருக்கே மறுபடி துளையா என்று திகைக்க வேண்டாம், இந்தச் சின்னத் துளை பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும்.)

அதன் பிறகுதான் நிஜமான வேலை, வரைபடம் போடுவது. குழாயின் நுனி சுவரில் படும் ஒவ்வொரு இடத்திலும், சிக்னல் எப்போது வந்தது, எவ்வளவு பலமாக இருக்கிறது என்று கம்ப்யூட்டர் குறித்துக்கொள்ளும். இப்போதைய பல முனைக் குழாய்கள் ஆயிரக்கணக்கான புள்ளிகளைச் சில நிமிடங்களில் எடுத்துவிடும். திரையில் மேல் அறை முப்பரிமாணத்தில் வண்ணத்தில் விரியும். சிக்னல் முதலில் வந்த இடம் சிவப்பு, பிறகு மஞ்சள், பச்சை, நீலம், கடைசி இடம் ஊதா. தழும்பு சாம்பல் நிறம். ஊதா போய் சிவப்பை முட்டினால், வால் தலையைத் தொட்டுவிட்டது, வட்டம் இதுதான் என்று அர்த்தம்.

படம் அழகாக இருந்தால் போதாது, அது பொய்யும் சொல்லும். பக்கத்துச் சந்தில் சும்மா பரவும் சிக்னலையும் அது வட்டம் போலக் காட்டலாம். அதனால் இன்னொரு சோதனை. சந்தேகப்படும் இடத்திலிருந்து, ஓடும் பஸ்ஸைவிடக் கொஞ்சம் வேகமாகத் தங்கள் பஸ்ஸை விடுவார்கள். பிறகு நிறுத்திவிட்டு, அடுத்த பஸ் அந்த ஸ்டாப்புக்கு எப்போது வருகிறது என்று பார்ப்பார்கள். வழக்கமான சுற்று நேரத்திலேயே வந்தால், அந்த ஸ்டாப் ரிங் ரோட்டில் இருக்கிறது. தாமதமானால், அது கிளைச் சாலை. எவ்வளவு தாமதம் என்கிறீர்கள்? ஒரு நொடியை ஆயிரமாக வெட்டி, அதில் 20, 30 பங்கு. இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் எங்கே சுடுவது என்று முடிவாகிறது.

இடம் தெரிந்ததும், ரேடியோ அலை ஆற்றலால் நுனியைச் சுற்றியுள்ள தசையை 50 டிகிரிக்கு மேல் சூடாக்குவார்கள். நுனியில் உப்புநீர் வழிந்து குளிர்வித்துக்கொண்டே இருக்கும். தழும்பிலிருந்து வால்வு வரை, புள்ளி புள்ளியாக ஒரு கோடு. பல நேரங்களில் ஏதோ ஒரு புள்ளியில் ஃப்ளட்டர் மெதுவாகி, நின்று, சாதாரணத் துடிப்பு வரும். அறையில் எல்லோருக்கும் நிம்மதிதான், ஆனாலும் குழாயை உடனே எடுப்பதில்லை. கோட்டின் இரண்டு பக்கமிருந்தும் சிக்னல் தாண்டவில்லையா என்று பார்ப்பார்கள். மறுபடி தூண்டியும் பார்ப்பார்கள். தழும்பு நிறைந்த இதயத்தில் ஒரு ரிங் ரோட்டை மூடினால், ஒளிந்திருந்த இன்னொன்று திறப்பது சகஜம். சிகிச்சை 3, 4 மணி நேரம் நீளுவது இதனால்தான்.

மைட்ரல் வால்வைச் சுற்றும் வகை கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அங்கே தசை கனமானது, வெளிப்பக்கத்திலும் சிக்னல் கடந்துபோகும். அதற்கு ஹூஸ்டன் மருத்துவர் மிகுவேல் வால்டெர்ராபானோ பிரபலப்படுத்திய வழி, அந்தப் பகுதிக்குப் போகும் ‘மார்ஷல்’ என்ற சிறு சிரையில் சில மில்லி ஆல்கஹாலைச் செலுத்துவது. டாஸ்மாக் சரக்கு அல்ல, சுத்தமான மருத்துவ எத்தனால்!

ஆபத்து இல்லாத சிகிச்சை இல்லை. தொடையில் ரத்தக்கட்டு வரலாம். அபூர்வமாக இதயத்தைச் சுற்றி ரத்தம் சேர்ந்து அவசரமாக வெளியேற்ற வேண்டிவரும். அதைவிட அபூர்வமாகப் பக்கவாதம், உணவுக்குழாய் பாதிப்பு. வெற்றி விகிதம் வழக்கமான ஃப்ளட்டர் அளவுக்கு இல்லை. சிலருக்கு இரண்டாவது முறையும் செய்ய வேண்டியிருக்கும். இதை முதலிலேயே சொல்லும் மருத்துவரை நம்பலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு

சில மணி நேரம் கால் மடக்காமல் படுக்கை, ஒரு வாரம் கனம் தூக்கக் கூடாது. தண்ணீர்க்குடம், கேஸ் சிலிண்டர் எல்லாம் அதில் அடக்கம். சுட்ட இடம் ஆறும்வரை, முதல் 2, 3 மாதம் படபடப்பு எட்டிப்பார்க்கலாம். அதை வைத்தே தோல்வி என்று முடிவுகட்டுவதில்லை. துடிப்பு சரியாகிவிட்டது என்று உறைவுத் தடுப்பு மாத்திரையைத் தானாக நிறுத்துவதுதான் பெரிய தவறு. குறைந்தது 2 மாதம் கண்டிப்பாகத் தேவை. அதற்குப் பிறகு தொடர்வதா என்பது வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, வால்வு நிலை, முன்பு பக்கவாதம் வந்ததா என்பதைப் பொறுத்தது. சிலருக்கு ஆயுள் முழுக்கத் தேவைப்படும். நடுவில் காய்ச்சல், மூச்சுத்திணறல், விழுங்கும்போது நெஞ்சில் வலி, கை கால் மரத்துப்போவது, பேச்சுக் குழறல் எது வந்தாலும் அப்லேஷன் செய்த மருத்துவமனைக்கு உடனே தகவல் போக வேண்டும். முகம் கோணி, பேச்சுக் குழறினால் தகவல் சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை, நேராக 108. படபடப்போடு மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தாலும் அப்படியே.

செலவு விஷயத்தில் ஒன்று. முப்பரிமாண வரைபடம் போடும் குழாய்கள் விலை உயர்ந்தவை. சாதாரண அப்லேஷனுக்கான தொகைக்குள் இது அடங்குமா, காப்பீட்டில் தனியாக அனுமதி வாங்க வேண்டுமா என்று தேதி குறிப்பதற்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பீரோவில் துணிக்கு அடியில், மஞ்சள் பையில், 20 வருஷத்துக்கு முந்தைய டிஸ்சார்ஜ் சம்மரி கிடக்கிறதா பாருங்கள். அதில் எந்த அறையைக் கீறினார்கள், என்ன ஒட்டு போட்டார்கள் என்று இருக்கும். அப்லேஷன் மருத்துவருக்கு ரிங் ரோட்டின் முதல் தடயம் அந்தக் காகிதம்தான். கிடைத்தால் இன்றே போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால், ஆபரேஷன் நடந்த மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் பெயரும் வருஷமும் சொல்லி நகல் கேட்டு விண்ணப்பிக்கலாம்.